கீரி எழுதிய சொற்பட்டியல்

கருவேல மரங்கள் அடர்ந்த ஒரு காட்டின் நடுவே, கோடையில் வற்றிப்போகும் ஓடை ஒன்று இருந்தது. அதன் கூழாங்கற்களுக்கு இடையில் ஓர் ஆட்காட்டிக் குருவி நான்கு முட்டைகள் இட்டிருந்தது. ஆட்காட்டி கூடு கட்டுகிற பறவை இல்லை, குழந்தைகளே. வெறுந்தரையில்தான் முட்டையிடும். யாராவது கிட்டே வந்தால் காடே அதிரும்படி கத்தும். சிறுத்தை வந்தாலும் வேடன் வந்தாலும் முதலில் கத்துவது அதுதான். அந்தக் கத்தலைக் கேட்டுத்தான் மற்ற விலங்குகள் ஓடித் தப்பித்துக்கொண்டிருந்தன.

அந்தக் காட்டுக்கு ஒரு நாள் ஒரு கீரி வந்தது. கழுத்தில் மரப்பட்டைச் சுருளைத் தொங்கவிட்டிருந்தது. பேச்சோ தேனாக ஒழுகியது.

"உலகத்தில் எத்தனை மொழி உண்டோ அத்தனையையும் ஆராய்கிறேன். எது எதோடு ஒத்துப்போகிறது, எது எதில் வேறுபடுகிறது என்று எழுதிவைக்கிறேன். நீங்கள் பேசும் மொழியும் என் ஏட்டில் ஏற வேண்டாமா?" என்று கேட்டது.

அடேயப்பா, எல்லாருக்கும் பெருமை தாங்கவில்லை! மயில் தோகையை விரித்துக்கொண்டு ஓடிவந்தது. "மழைக்கு மட்டும் நாங்கள் பதினோரு சொல் சொல்வோம்" என்று பீற்றிக்கொண்டது. கரடி, சாப்பிடுகிற பொருள்களின் பெயர்களையே ஒரு பகல் முழுக்கச் சொன்னது. மான் பயந்து பயந்து, காதில் விழாத குரலில் பதில் சொன்னது. யானையம்மாவையும் கீரி விடவில்லை. எல்லாரிடமும் அதே கேள்விகளைத் திரும்பத் திரும்பக் கேட்டு, எல்லாவற்றையும் நகத்தால் பட்டையில் கீறிக்கொண்டது.

கடைசியாக ஆட்காட்டியிடம் வந்தது. "'என்னுடையது' என்பதற்கு நீங்கள் என்ன சொல்வீர்கள், அம்மா?"

ஆட்காட்டி யோசித்தது. "அப்படி ஒரு சொல் கிடையாதே. முட்டைமேல் உட்கார்ந்திருப்போம். பார்க்கிறவர்களுக்குத் தெரிந்துவிடும்."

"பேஷ், பேஷ்!" என்று கீறிக்கொண்டு போனது கீரி.

மறுநாள் மத்தியானம் ஆட்காட்டி தண்ணீர் குடித்துவிட்டுத் திரும்பி வந்தது. நான்கு முட்டைகளில் இரண்டைக் காணோம். பக்கத்திலேயே கீரி சாவகாசமாக உட்கார்ந்து வாயைத் துடைத்துக்கொண்டிருந்தது.

"அடப்பாவி! அடைகாத்த முட்டையையா தின்றாய்?"

"ஏன் கோபப்படுகிறாய்? 'என்னுடையது' என்ற சொல்லே உனக்கு இல்லை. அப்புறம் முட்டை எப்படி உன்னுடையதாகும்? மீதி இரண்டையும் நாளைக்கு எடுத்துக்கொள்கிறேன்" என்றது கீரி.

ஆட்காட்டிக்கு கீரியின் மூக்கைக் கொத்திக் கிழிக்க வேண்டும்போல் இருந்தது. ஆனால் மிச்சமிருந்த இரண்டையும் விட்டு நகர முடியுமா? நின்ற இடத்திலேயே தொண்டை கிழியக் கத்தியது. என்னவோ ஏதோ என்று காடே ஓடிவந்தது. காட்டுக்குப் பெரியவரான யானையம்மாவும் வந்து நின்றது.

கீரி கொஞ்சமும் அசரவில்லை. சுருளை விரித்தது.

"யானையம்மா, இது ஆராய்ச்சி முடிவு. ஆட்காட்டி மொழியில் 'என்னுடையது' என்ற சொல் இல்லை. ஆகவே இங்கே கிடக்கும் முட்டைகள் யாருடையவையும் இல்லை. யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம்."

"படித்தவர் சொல்கிறாரே" என்று மயில் தலையை ஆட்டியது.

"ஏட்டிலும் இருக்கிறதே" என்றது கரடி.

மானும் தலையை ஆட்டியது. இந்தத் தலையாட்டிகளை நினைத்தால் எனக்கே பற்றிக்கொண்டு வருகிறது! நேற்றுவரை ஆட்காட்டியின் கத்தலால் உயிர் பிழைத்தவர்கள் இவர்கள். கொஞ்சமாவது வெட்கம் வேண்டாமா?

ஆட்காட்டி சிறகை விரித்துக்கொண்டு கீரியின் முன்னால் பாய்ந்தது.

"ஒரு வரியைத்தானே படித்தாய்? மற்றதையும் படி! இதே கேள்விக்கு மயில் என்ன சொன்னது? கரடி என்ன சொன்னது? யானையம்மா என்ன சொன்னார்கள்? படி!"

கீரி அவசரமாகச் சுருளைச் சுற்ற ஆரம்பித்தது. "அதெல்லாம் இப்போது எதற்கு?"

"நீ படிக்கமாட்டாய். நான் சொல்கிறேன். ராத்திரி பகலாக விழித்திருந்து இந்தக் காட்டுப் பேச்சு அத்தனையையும் கேட்டவள் நான். சிறுத்தைக்கு ஆளுக்கொரு சொல். பசிக்கு ஆளுக்கொரு சொல். ஆனால் 'என்னுடையது' என்ற சொல் இங்கே ஒருவருக்கும் கிடையாது. மயிலே, உனக்கு உண்டா?"

மயில் தோகையை மடக்கிக்கொண்டது. "இல்லை."

"கரடியே, உனக்கு?"

கரடி தலையைச் சொறிந்தது. "எனக்கும் இல்லை."

"அப்படியானால் அந்தத் தோகை யாருக்கு? கரடி கண்டுபிடித்த தேனடை யாருக்கு? அதோ, பால் குடித்துக்கொண்டிருக்கிறதே மான்குட்டி, அது யாருக்கு? இன்றைக்கு நான். நாளைக்கு நீங்கள்!"

மான் திடுக்கிட்டுக் குட்டியை வயிற்றுக்கு அடியில் இழுத்துக்கொண்டது.

யானையம்மா தும்பிக்கையை நீட்டிச் சுருளைப் பிடுங்கியது. விரித்துப் பார்த்தது. 'என்னுடையது' என்ற சொல்லின் கீழே ஒவ்வொரு பெயருக்கும் நேரே ஒரே குறிப்புத்தான் இருந்தது: இல்லை, இல்லை, இல்லை. கடைசி வரியில் மட்டும் 'கீரி மொழி: ஒன்பது சொற்கள்' என்று இருந்தது.

"நீ மொழி ஆராய வந்தாயா, இல்லை, எங்கெங்கே வேலி இல்லை என்று நோட்டம் பார்க்க வந்தாயா?" என்று யானையம்மா பிளிறியது. கீரியை வாலோடு சுருட்டித் தூக்கி, முள்காட்டுக்கு அந்தப் பக்கம் வீசியது. சுருளைக் காலால் மிதித்துத் தூளாக்கியது.

"நல்லவேளை, எல்லாரும் பிழைத்தோம்!" என்று மயில் குதித்தது.

"எல்லாருமா?" என்று கேட்டது ஆட்காட்டி. கூழாங்கற்களுக்கு நடுவே வெறுமையாகக் கிடந்த இரண்டு குழிகளைக் காட்டியது. "இதைப் பார்த்துக்கொண்டுதானே தலையாட்டினீர்கள்? தேனடையும் குட்டியும் என்று சொன்ன பிறகுதானே உங்களுக்குக் காது கேட்டது?"

கரடியும் மானும் குழிகளைப் பார்க்க நெருங்கி வந்தன.

"தள்ளி நில்லுங்கள். முட்டைமேல் வெயில் அடிக்கிறது" என்று சொல்லிவிட்டு, ஆட்காட்டி மீதி இரண்டின்மேல் சிறகை விரித்துக்கொண்டு நின்றது.

நீதி: அடுத்தவர் மொழியில் என்ன இல்லை என்று தேடி அலைகிறவன், அவர்களிடம் இருப்பதைப் பறிக்கப் பார்க்கிறான்.