ஸ்ட்ரெச்சரில் படுத்த குரு

குருவுக்கு வயது இருபத்தொன்பது. சிஷ்யைக்கு முப்பத்தேழு. குருவிடம் தாடியும் இல்லை, காவியும் இல்லை. கசங்கிய நீலச் சட்டையும், ராத்திரி டியூட்டி பார்த்துச் சிவந்த கண்களும்தான் இருந்தன.

பெயர் அன்சாரி. பர்கூர் மலையில் நிற்கும் இலவச ஆம்புலன்ஸில் மருத்துவ உதவியாளர். வண்டியின் பின்பக்கம் நோயாளியோடு உட்கார்ந்து, ஆஸ்பத்திரி வாசல் வரை அந்த உயிரைப் பிடித்து வைத்திருப்பது அவர் வேலை.

சிஷ்யை கோகிலவாணி பன்னிரண்டு வருஷம் பனியன் கம்பெனியில் பீஸ் செக்கிங் பார்த்தவள். துணியைப் பார்த்தது போதும், இனி மனுஷரைப் பார்க்கலாம் என்று முப்பத்தைந்து வயதில் இந்தப் படிப்பில் சேர்ந்தாள். ஊரில் சிரிக்காத ஆளில்லை. படிப்பின் கடைசி மூன்று மாதம் அன்சாரியின் வண்டியில்தான் பயிற்சி. அவள் அவரை சார் என்பாள், அவர் அவளை அக்கா என்பார். இருவருக்கும் அதில் ஒரு சங்கடமும் இல்லை.

இப்போது படிப்பு முடிந்து, பாஸும் ஆகிவிட்டாள். அதற்குப் பிறகுதான் தலைவலியே ஆரம்பித்தது.

ஒரு நாள் காலை ஏழு மணி பஸ்ஸில் அவள் மலையேறி வந்தாள். அன்சாரி டியூட்டி முடித்து முகம் கழுவிக்கொண்டிருந்தார். மாற்று வண்டி வந்துவிட்டதால், அன்சாரியின் வண்டி சர்வீசுக்காக அந்தியூருக்கு இறங்கத் தயாராக நின்றது.

“சார், ரெண்டு எடத்துல இருந்தும் கூப்பிட்டுட்டாங்க.”

“எங்கெங்கே?”

“ஈரோட்டுல ஒரு பெரிய ஆஸ்பத்திரி. அவங்க வண்டியில போகோணும். எப்பவும் பக்கத்துல ஒரு டாக்டர் இருப்பாரு. இன்னொன்னு, இதே மலையில அடுத்த வண்டி.”

“அதுல டாக்டர் இருக்க மாட்டாரு.”

“ஆமாங் சார். நான் மட்டுந்தான். பத்து மணிக்குள்ள ரெண்டு பேருக்கும் பதில் சொல்லோணும். எதுல சேரட்டும்?”

அன்சாரி துண்டால் முகத்தைத் துடைத்தார். துடைத்த இடத்தையே மறுபடியும் துடைத்தார்.

“உங்களுக்கு எது தோணுது?”

“ஈரோடுதானுங்க. மகளுக்கு இது பத்தாவது. பக்கத்துல இருந்து பார்த்துக்கலாம்.”

“உங்க மக கோபியில ஹாஸ்டல்லதானே இருக்கா?”

கோகிலவாணி தலை குனிந்துகொண்டாள். பனியன் துணியில் ஊசிமுனை ஓட்டையைக் கண்டுபிடிக்கிறவளுக்குத் தன் பொய்யில் இருந்த ஓட்டை தெரியவில்லை.

“பயமா இருக்குதுங் சார்” என்றாள் கடைசியில். “அந்த ராகிக்காட்டுக்காரரு.”

அன்சாரிக்கு நினைவிருந்தது. அவள் பயிற்சிக்கு வந்த மூன்றாவது வாரம். நெஞ்சுவலி என்று ஒருவரை ஏற்றினார்கள். அன்சாரி செய்ய வேண்டியதையெல்லாம் செய்துகொண்டிருந்தார். அவள் ஆக்சிஜன் மாஸ்க்கைப் பிடித்துக்கொண்டு, ஓட்டுநரின் முதுகுப்பக்கம் இருக்கும் சின்ன ஜன்னலில் திரும்பித் திரும்பிக் கேட்டாள். இன்னும் எவ்வளவு தூரம்? இன்னும் எவ்வளவு தூரம்? பாதி மலை இறங்கும்போது அவர் போய்விட்டார்.

நோயாளி காதில் விழும்படி தூரம் கேட்கக் கூடாது. இந்தத் தொழிலுக்கு வந்ததும் சொல்லித் தருகிற பாடம் அது. புதிதாக வருகிற எல்லோரும் தவறாமல் செய்கிற தப்பும் அதுதான்.

“நான் கேட்டதெல்லாம் அவரு காதுல விழுந்திருக்கும். பொழைக்க மாட்டோம்னு என் வாயாலதான் அவருக்குத் தெரிஞ்சிருக்கும். அதுதானுங்க அவரு கடைசியா கேட்டது.”

“ஒருத்தி நமக்காகத் தவிக்கிறான்னும் அவருக்குக் கேட்டிருக்கும்.”

“அது நீங்க ஆறுதலுக்குச் சொல்றதுங் சார்.”

“ஆமா” என்றார் அன்சாரி. “ஆறுதலுக்குத்தான் சொல்றேன்.”

அவளுக்குக் கண் நிறைந்துவிட்டது. அவர் வண்டியின் பின்கதவைத் திறந்தார். உள்ளே ஏறி, செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்தார். ஸ்ட்ரெச்சரில் மல்லாந்து படுத்து, பெல்ட்டைத் தானே எடுத்து நெஞ்சில் போட்டுக்கொண்டார்.

“ஏறுங்கக்கா. நான்தான் நோயாளி. நெஞ்சுவலி. என்னை அந்தியூர் கொண்டுபோய்ச் சேர்க்கோணும்.”

“சார், நான் கேட்டது வேலையைப் பத்தி.”

“நெஞ்சு வலிக்குதுங்க” என்றார் குரு, முகத்தைச் சுளித்து. நடிப்பு சுமார்தான்.

வண்டியை ஓட்டும் சித்தலிங்கம் முன்னாலிருந்து எட்டிப் பார்த்துவிட்டுக் கிளப்பினார். கோகிலவாணி ஏறி உட்கார்ந்தாள். பழக்கத்தில் கை தானாகப் போய் அவர் மணிக்கட்டைப் பிடித்தது. நாடி எழுபத்தெட்டு.

முதல் வளைவு வந்தது.

“இன்னும் எவ்வளவு தூரம்மா?” என்று அன்சாரி முனகினார்.

“முப்பது கிலோமீட்டர் இருக்குங்க.”

“ஐயோ. முப்பதா?”

அவளுக்குச் சுருக்கென்றது. வேறு எப்படிச் சொல்லியிருக்கலாம் என்று யோசிப்பதற்குள் அடுத்த முனகல் வந்தது.

“போய்ச் சேர்ந்துடுவேனா?”

அவள் சின்ன ஜன்னல் பக்கம் திரும்பினாள். கேட்க வாய் திறந்தும் விட்டாள். சித்தலிங்கத்தின் பின்தலைதான் தெரிந்தது. திறந்த வாயை மூடிக்கொண்டு திரும்பி, அவர் கையை இன்னும் கொஞ்சம் இறுக்கிப் பிடித்தாள்.

“நான் உங்க கூடத்தானுங்க வர்றேன்” என்றாள்.

“எனக்கு ஒண்ணுமே தெரியலையே. வெறும் கூரைதான் தெரியுது.”

அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. படுத்திருக்கிறவனுக்கு எதுவும் தெரியாது. வண்டி எங்கே திரும்புகிறது, எதற்கு நிற்கிறது, ஒன்றும் தெரியாமல் கிடக்கிறான்.

“நான் பார்த்துச் சொல்றேனுங்க. இப்ப மூங்கில் காட்டைத் தாண்டறோம். எதுக்கால ஒரு மினி பஸ் வருது, அதுக்கு வழி விடத்தான் நிறுத்தியிருக்கோம். இப்ப இடதுபக்கம் திரும்பப் போவுது, பயப்படாதீங்க, நான் பிடிச்சுக்கறேன்.”

வளைவில் ஸ்ட்ரெச்சரோடு ஆள் சரிந்துவிடாமல் முழங்காலைக் கொடுத்து அண்டைகொடுத்தாள். சொல்லிக்கொண்டே வந்தாள். சாலையோரம் நாலு மாடு நிற்பதைச் சொன்னாள். அதில் ஒன்று நகர மாட்டேன் என்று அடம்பிடிப்பதைச் சொன்னாள். யாரோ ஒரு அம்மா தலையில் விறகுக்கட்டோடு நின்று வண்டியைப் பார்த்துக் கும்பிட்டதைச் சொன்னாள். நடுநடுவே நாடி பார்த்தாள். எழுபது. அறுபத்தாறு. முனகல் எப்போது நின்றது என்று அவள் கவனிக்கவில்லை.

வரட்டுப்பள்ளம் அணை தெரிகிறது என்று சொல்லிவிட்டுத் திரும்பியபோது அவர் கண் மூடியிருந்தது. வாய் லேசாகத் திறந்திருந்தது.

தூக்கிவாரிப்போட்டது அவளுக்கு. தோளைத் தட்டி, “சார், கேக்குதுங்களா? சார்!” என்று கூப்பிடக் கையை ஓங்கிவிட்டாள். படித்த பாடம் அப்படி.

அதற்குள் ஒரு சின்னக் குறட்டை வந்தது.

கோகிலவாணி ஓங்கிய கையை மெல்ல இறக்கினாள். இது நடிப்பில்லை. ராத்திரி முழுக்க மூன்று கேஸ் பார்த்த மனிதன் அசந்து தூங்குகிறான். தூக்கத்தில் அவர் முகம் இன்னும் சின்னதாக இருந்தது. நம்மைவிட எட்டு வயசு சின்னவன், நமக்கு முன்னால் எத்தனை பேரை இப்படிக் கொண்டுபோயிருப்பான் என்று நினைத்தாள். பாவமாகவும் இருந்தது, பெருமையாகவும் இருந்தது. மடித்து வைத்திருந்த போர்வையை எடுத்துக் கழுத்துவரை போர்த்திவிட்டாள்.

அவள் போன் அடித்தது. ஈரோட்டு ஆஸ்பத்திரி. சத்தத்தில் அவர் புரண்டுவிடப் போகிறாரே என்று பதறி எடுத்து, வாயைக் கையால் மூடிக்கொண்டு, “வண்டியில பேஷன்ட் இருக்காருங்க. அப்புறம் கூப்பிடறேன்” என்று வைத்துவிட்டாள்.

வைத்த பிறகுதான் தான் சொன்னது தன் காதில் விழுந்தது. அதை யோசிக்க நேரமில்லை. வளைவு வந்தது. முழங்காலைக் கொடுத்தாள்.

அந்தியூர் ஒர்க்‌ஷாப்பில் வண்டி நின்றது. சித்தலிங்கம் வந்து பின்கதவைத் திறந்தார். அப்படியே நின்றுவிட்டார்.

“என்னம்மா இது? நிஜமாவே தூங்கறாரா?”

“உஸ்” என்றாள் அவள்.

“ஏழு வருசமா இவருகூட ஓட்டறேன். கேஸை இறக்கிட்டு வெறும் வண்டியா மலையேறும்போதுகூட இவரு கண்ணசந்து நான் பார்த்ததில்லை. புதுசா வர்ற பசங்க யாராவது பின்னாடி உட்கார்ந்திருந்தா கேக்கவே வேண்டாம், கொட்டக் கொட்ட முழிச்சிருப்பாரு.”

பேச்சுச் சத்தத்தில் அன்சாரி விழித்துக்கொண்டார். எங்கே இருக்கிறோம் என்று புரிய ஒரு நிமிஷம் ஆனது. போர்வையைப் பார்த்தார். வெட்கத்தோடு வாயோரத்தைத் துடைத்துக்கொண்டு எழுந்து உட்கார்ந்தார். சித்தலிங்கம் சிரித்துக்கொண்டே மெக்கானிக்கைக் கூப்பிடப் போனார்.

மணி ஒன்பதே முக்கால்.

“சார்” என்றாள் கோகிலவாணி. “இப்பவாவது சொல்லுங்க. மலையா, ஈரோடா?”

“அதான் சொல்லிட்டேனே அக்கா.”

“எப்பங் சார் சொன்னீங்க? வரட்டுப்பள்ளம் வர்றதுக்கு முன்னாலயே தூங்கிட்டீங்களே.”

அன்சாரி குனிந்து செருப்பை மாட்டிக்கொண்டார்.

“பயந்தவங்க பக்கத்துல எனக்குத் தூக்கம் வராதுங்கக்கா” என்றார்.