மேசை மேல் தனிப் பெட்டி

நாமக்கல்லில் முப்பது வருஷம் லாரி எஞ்சின் பிரித்து மாட்டிய நாச்சிமுத்து, ஐம்பத்து மூன்றாவது வயதில் பர்வீனிடம் பாடம் கேட்கப் போனார். பர்வீனுக்கு வயது முப்பத்தொன்று. பெட்ரோலிலும் பேட்டரியிலும் மாறி மாறி ஓடுகிற ஹைபிரிட் கார்களுக்கு அந்த வட்டாரத்திலேயே அவரை விட்டால் ஆளில்லை.

"மக வயசுப் புள்ளைகிட்டயா பாடம்?" என்று சிரித்தார்கள். ஊர் வாயை மூட உலைமூடி உண்டா? நாச்சிமுத்து காதில் போட்டுக்கொள்ளவில்லை.

தொழில் ஆசை என்று வெளியே சொல்லிக்கொண்டார். அதெல்லாம் சும்மா. வீட்டில் இருக்காமல் எங்காவது இருக்க வேண்டும், அவ்வளவுதான்.

வீட்டில் மனைவி வசந்தாமணி மட்டும் இருந்தாள். ஒரே மகன் நவநீதன் இரண்டு வருஷத்துக்கு முன்னால் பைக்கில் போனவன், பிணமாகத்தான் வந்தான். அன்றைக்கு வண்டிச் சாவியைத் தேடி எடுத்துக் கையில் கொடுத்தவள் வசந்தாமணி. அன்றிலிருந்து அவளுக்கு ஒரே பேச்சு. "நாந்தானுங்க சாவிய எடுத்துக் குடுத்தேன்." சோறு போடும்போதும் அதுதான், துணி மடிக்கும்போதும் அதுதான். கேட்ட மாத்திரத்தில் நாச்சிமுத்து சட்டையை மாட்டிக்கொண்டு கிளம்பிவிடுவார்.

ஒரு செவ்வாய்க்கிழமை பர்வீனின் பட்டறைக்குக் கார் ஒன்று வந்தது. அந்த மாதிரிக் கார்களில் எஞ்சினைக் கட்டுப்படுத்த ஒரு குட்டிக் கம்ப்யூட்டர் பெட்டி, பிரேக்குக்கு ஒரு பெட்டி, பேட்டரிக்கு ஒரு பெட்டி என்று தனித்தனியாக இருக்கும். எல்லாம் இரண்டே கம்பிகளின் வழியாக ஒன்றோடொன்று பேசிக்கொள்ளும். இந்தக் காரில் மற்ற பெட்டிகள் எல்லாம் ஒரே புகார் வைத்திருந்தன: பேட்டரிப் பெட்டி பேசவில்லை.

மெக்கானிக்குக்குக் கழற்றிப் பார்த்தால்தான் மனசு ஆறும். நாச்சிமுத்து அந்தப் பெட்டியைக் கழற்றி மேசையில் வைத்துக் கரண்ட் கொடுத்தார். அலையைக் காட்டுகிற ஸ்கோப்பை மாட்டினார். திரையில் ஒரே அலை. மறுபடியும் அதே அலை. நிற்கவே இல்லை.

"பெட்டி போச்சுங்க டீச்சர். சொன்னதையே சொல்லிக்கிட்டுக் கெடக்குது. பித்துப் புடிச்சிருச்சு. புதுசு போட்டுரலாம்."

பர்வீன் திரையைப் பார்த்தார்.

நாச்சிமுத்துவும் அந்த அலையையே பார்த்துக்கொண்டு நின்றார். என்ன தோன்றியதோ, திடீரென்று கேட்டார். "டீச்சர், பதிலே இல்லாத பேச்சுக்கு என்னங்க பதில் சொல்றது?"

"யாரு பேசறாங்கண்ணா?"

சொன்னார். இரண்டு வருஷமாக யாரிடமும் சொல்லாததை, ஸ்பேனரைக் கையில் பிடித்தபடியே சொல்லி முடித்தார்.

"நீங்க என்ன சொல்லுவீங்க?"

"விடு, அதப் பேசாதம்பேன். உன் தப்பில்லைம்பேன். கோவிச்சும் பாத்துட்டேன். எனக்கும் அவன் புள்ளைதானுங்களே. என்னால கேக்க முடியலைங்க. எந்திருச்சு வந்துருவேன்."

பர்வீன் ஆறுதல் சொல்லவில்லை. அலமாரியிலிருந்து, அதே வகைக் காரில் கழற்றிய பழைய பெட்டி ஒன்றை எடுத்துவந்தார். தூசியைத் துடைத்தார். இரண்டு கம்பிகளை எடுத்து அதையும் பேட்டரிப் பெட்டியையும் சேர்த்தார். பழைய பெட்டிக்கும் கரண்ட் கொடுத்தார்.

திரையில் அந்த அலை போய்விட்டது. வேறொரு அலை வந்தது. அப்புறம் இன்னொன்று.

"என்னங்க பண்ணுனீங்க? சரியாயிருச்சே!"

"அது கெடவே இல்லைங்கண்ணா. ஒரு பெட்டி சொன்னா, இன்னொரு பெட்டி 'கேட்டேன்'னு ஒரு குறி வெக்கோணும். குறி வர்ற வரைக்கும் சொன்னதையேதான் திருப்பித் திருப்பிச் சொல்லும். நீங்க அதத் தனியா மேசையில வெச்சுட்டுப் பித்துன்னு சொல்லிட்டீங்க."

"கார்லயும் பேசலையேங்க?"

"பின்சீட்டுக்கு அடியில கம்பியப் பாருங்க."

போய்ப் பார்த்தார். எலி இரண்டு கம்பியையும் கடித்துத் துண்டாக்கியிருந்தது. இத்தனை நாளும் அந்தப் பெட்டி காருக்குள்ளேயே தனியாகப் பேசிக்கொண்டு கிடந்திருக்கிறது. நாச்சிமுத்து கம்பியை ஒட்டவைத்து, டேப் சுற்றிவிட்டு வந்தார்.

"டீச்சர், குறி வெக்காததுக்கு அது மத்த பெட்டிகளைக் குத்தம் சொல்லுமுங்களா?"

"சொல்லாது. தப்பு தன்னோடதுதான்னு உள்ளுக்குள்ள எண்ணிக்கும். ஒவ்வொரு தடவ சொல்லறப்பவும் ஒரு தப்புன்னு கூட்டிக்கிட்டே போகும்."

நாச்சிமுத்து ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டார். கண்ணைத் துடைத்துக்கொள்ளவும் தோன்றவில்லை. வெளியே லாரிகள் போய்க்கொண்டிருந்தன.

"அந்தப் பழைய பெட்டி என்ன பதில் சொல்லுச்சுங்க?"

"பதிலா? அது ஸ்டியரிங் பெட்டிங்கண்ணா. பேட்டரியப் பத்தி அதுக்கு என்ன தெரியும்? கேட்டுச்சு, அவ்வளவுதான்."

மணி ஐந்தரை. வழக்கமாக நாச்சிமுத்து எட்டு மணிக்கு முன்னால் பட்டறையை விட்டு நகர மாட்டார். அன்று எழுந்து கையைக் கழுவினார். வாசல் வரைக்கும் போனவர் அங்கேயே நின்றார். போகவும் பயமாக இருந்தது, நிற்கவும் முடியவில்லை.

"நான் உக்காந்து கேட்டுட்டா, அவ அதோட நிறுத்திருவாளுங்களா டீச்சர்?"

பர்வீன் ஸ்கோப்பை அணைத்தார்.

"நிறுத்த மாட்டாங்கண்ணா. அடுத்ததச் சொல்லுவாங்க."