எதிராளிக்கு வக்கீல் சொன்னவர்

கோவில்பட்டி கோர்ட்டைச் சுற்றி வக்கீல் போர்டுகளுக்குப் பஞ்சமே இல்லை. நிலத்தகராறு, விபத்து, விவாகரத்து என்று எதற்கும் ஆள் உண்டு. மாற்றுத்திறனாளிப் பிள்ளையின் படிப்புக்காக வாதாட யார் இருக்கிறார்கள் என்று கேட்டால்தான் எல்லோரும் விட்டத்தைப் பார்ப்பார்கள். சண்முகத்தாய் அப்படித்தான் ஆள் தேடி அலைந்தாள்.

அவள் மகள் பொன்சுதா ஏழாம் வகுப்பு. வாயால் கேட்டால் பாடத்தைக் கடகடவென்று ஒப்பிப்பாள். கைத்தசையில் பலமில்லை; நாலு வரி எழுதுவதற்குள் விரல்கள் சுருண்டுவிடும். மகள் சொல்லச் சொல்ல வேறொருவர் பரீட்சை எழுதட்டும் என்று கேட்டதற்கு, "அரைப் பரீட்சைக்கு முன்னாடி டி.சி. வாங்கிக்கிட்டுப் போயிருங்க" என்றார் பள்ளித் தாளாளர். வேறு எந்தப் பள்ளியும் அவளைச் சேர்த்துக்கொள்ளத் தயாராயில்லை. படிப்பு அதோடு நின்றுபோகும்.

யாரோ கைகாட்ட, சண்முகத்தாய் வக்கீல் எஸ்தரிடம் போனாள். பள்ளியின் பெயரைச் சொன்னதுதான் தாமதம், எஸ்தர் கையை உயர்த்தினார்.

"அம்மா, இதுக்கு மேல ஒரு வார்த்தை சொல்லாதீங்க. அந்தப் பள்ளிக்கூடத்துக்கு நான்தான் வக்கீல். உங்க பக்கத்து விஷயம் என் காதுல விழக் கூடாது."

சண்முகத்தாய் எழுந்து நடந்தாள். வாசல்வரை போய்விட்டவளை எஸ்தரே கூப்பிட்டார்.

"பாளையங்கோட்டையில அப்துல் கனின்னு ஒருத்தர் இருக்கார். இந்த மாதிரி வழக்குல கரைகண்டவர். என்னையே ரெண்டு தடவை மண்ணைக் கவ்வ வச்சவர். அவரைப் பாருங்க."

கனி வழக்கை எடுத்துக்கொண்டு பள்ளிக்கு நோட்டீஸ் அனுப்பினார். தாளாளர் எஸ்தரிடம் ஓடிவந்து, ஏதாவது ஓட்டை இருக்கிறதா பாருங்கள் என்றார்.

"சட்டம் அந்தப் பிள்ளை பக்கம் இருக்கு. கோர்ட்டுக்குப் போனா தோத்துப்போவீங்க, பேரும் கெடும். கேட்டதைக் கொடுத்துருங்க" என்றார் எஸ்தர்.

தாளாளர் முனகிக்கொண்டே இறங்கிவந்தார். பொன்சுதா சொல்ல இன்னொருத்தி எழுத, அரைப் பரீட்சை நடந்தது.

அதோடு விட்டிருக்கலாம். சந்தோஷம் தாங்காத சண்முகத்தாய், தாளாளரிடமே போய், "எஸ்தர் மேடம்தான் சார் கனி ஐயாவைக் காட்டுனாக. அவுக நல்லா இருக்கணும்" என்று வாழ்த்திவிட்டு வந்தாள். அன்றே தாளாளர் எஸ்தரிடமிருந்த பள்ளியின் வழக்குக் கட்டுகளையெல்லாம் அள்ளிக்கொண்டு போனார். "எங்க வக்கீலா இருந்துகிட்டு எதிராளிக்கு ஆள் பிடிச்சுக் கொடுத்தீங்களே, இது துரோகம் இல்லையா?"

நீங்கள் சொல்லுங்கள்: எஸ்தர் தன் கட்சிக்காரருக்குத் துரோகம் செய்தாரா?

விடை: இல்லை. தவித்து வந்த தாயைப் பேசவிட்டிருந்தால் அவள் மனதிலிருந்த அத்தனையும் எஸ்தர் கைக்கு வந்திருக்கும். அதை அவர் தொடவில்லை. பள்ளியின் ரகசியம் ஒன்றையும் வெளியே விடவில்லை. கனியின் பெயர் ஊரறிந்த பெயர். கேட்க வந்த தாளாளருக்கும் உள்ளதை உள்ளபடி சொன்னார். எதிராளி, வக்கீல் கிடைக்காமல் திண்டாட வேண்டும் என்று நினைப்பது எந்த வக்கீலின் கடமையும் அல்ல. இப்படி ஒருவரை இழந்த தாளாளரை நினைத்தால்தான் எனக்குப் பாவமாக இருக்கிறது. தன் வாயால் வந்த வினை என்று சண்முகத்தாய் அழுதுகொண்டே மன்னிப்புக் கேட்கப் போனாள். எஸ்தர் அவளை உட்காரவைத்து ஒன்றே ஒன்றுதான் கேட்டார்.

"பிள்ளை எல்லாக் கேள்விக்கும் பதில் சொன்னாளா?"