பதினேழாம் படியில் மந்திரி

மருதவனத்து ராஜாவுக்கு முழங்கால் வலி. ஆனாலும் உயரத்தில் உட்கார்ந்து ஏரியில் வெயில் சாய்வதைப் பார்க்க ஆசை. ஆவுடை ஆசாரி கரையில் மரமேடை கட்டி, ராஜாவின் கால் எவ்வளவு தூக்கும் என்று அளந்து, படிக்கு அரைச் சாண் உயரமாகப் படி போட்டுக் கொடுத்தார்.

அந்த வேலையை மைத்துனருக்குக் கேட்டு ஏமாந்திருந்த மந்திரி திருமேனியார், படிகளை எண்ணினார். இந்திரன், எமன், ராஜா என்று மாற்றி மாற்றி எண்ணுவது ஊர் வழக்கம். எமனில் முடிந்தால் உடையவருக்கு ஆகாது.

"பதினேழு, மகாராஜா! எமனில் முடிகிறது. உங்களுக்கு நாள் குறித்துவிட்டான் இந்த ஆசாரி!"

ராஜா வெளிறிப்போனார். "இவன் கட்டைவிரலை வெட்டுங்கள். ஒரு படியைக் குறையுங்கள்."

"குறைத்தால் மற்றதெல்லாம் உயருமே, சாமி. உங்கள் முழங்கால் தாங்காதே" என்றார் ஆசாரி.

அருகில் நின்ற விகடகவி பூதனார் அதைக் கேட்டு வியந்தார். விரல் போகிற நேரத்திலும் இந்த மனிதருக்கு யார் காலைப் பற்றிக் கவலை! படியை ஒருமுறை மேலும் கீழும் பார்த்தார். கண்ணில் குறும்பு வந்தது.

"உயிர் விஷயம், மந்திரியாரே. நீங்களே ஏறி, உரக்க எண்ணிக் காட்டுங்களேன்."

மந்திரி வேட்டியைத் தூக்கிப் பிடித்து உற்சாகமாக ஏறினார். "இந்திரன், எமன், ராஜா... இந்திரன், எமன்! பார்த்தீர்களா?"

"ஏன் நின்றுவிட்டீர்? மேடைக்குப் போங்கள்."

"படிதான் முடிந்ததே!"

"மேடை உம்மிடம் இறங்கி வருமா? இன்னும் ஒரு முறை கால் தூக்க வேண்டாமா? கால் தூக்குகிற கணக்கில் ஆசாரி செய்திருக்கிறார், நீர் பலகையை எண்ணுகிறீர். ம், தூக்கும். எண்ணிக்கொண்டே!"

மந்திரி காலைத் தூக்கினார். வாயைத் திறந்தார். கீழே ராஜா அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தார். 'ராஜா' என்று சொல்லிக்கொண்டு ராஜாவின் மேடையை மிதித்தால் தலை தங்குமா? தூக்கிய காலை அந்தரத்திலேயே வைத்துக்கொண்டு நின்றார்.

"சொல்லுங்கள் ஐயா, அடுத்தது யார்?"

"அது... அதை நான் எப்படி..."

"அப்படியென்றால் எமனோடேயே நில்லுங்கள்!"

ராஜாவுக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. மந்திரியை ஒதுங்கச் சொல்லி, தாமே ஏறினார். முழங்கால் முனகவில்லை. மேடையில் கால் வைத்து, "ராஜா!" என்று அவர் கூவியதில் ஏரிக் கொக்குகள் எல்லாம் எழுந்து பறந்தன.

கைக்காப்பைக் கழற்றி ஆசாரிக்குப் போடச் சொன்னார்.

"மந்திரிக்கு என்ன தரலாம், பூதனாரே?"

"பதினேழாம் படியை அவருக்கே கொடுத்துவிடுங்கள், மகாராஜா. அதற்கு மேலே ஏறப் பயப்படுகிற மந்திரி லேசில் கிடைக்கமாட்டார்."