தெரியுதா?

"அக்கா, அந்த அம்மா காலில் எங்கே குத்தினாலும் தெரியுது என்கிறார். ஆனால் செருப்பு கழன்று விழுந்தது மட்டும் அவருக்குத் தெரியவில்லை. நான் எதை நம்புவது?"

பயிற்சி டாக்டர் கிதியோன் இதைப் பேராசிரியரிடம் கேட்கவில்லை. மூன்றாம் கட்டில் பஞ்சவர்ணத்திடம் கேட்டான்.

பஞ்சவர்ணம் இருபது வருடம் பீடி சுற்றியவள். வலது கையில் ஒரு நரம்பு செத்துப்போனது. மருத்துவக் கல்லூரியில் பரீட்சைக் காலம் வந்தால் அவளை ஆஸ்பத்திரிக்கு அழைத்து ஒரு கட்டில் கொடுப்பார்கள். மாணவர்கள் அவள் கையைத் தொட்டு, குத்தி, போனது எந்த நரம்பு என்று சொல்லித் தேறுவார்கள்.

அப்படித் தேறியவர்கள் ஊரெல்லாம் டாக்டர் போர்டு மாட்டியிருக்கிறார்கள். தெருவில் கண்டால் அவளிடம் நின்று பேசியவர் ஒருவருமில்லை.

கிதியோன் சொன்ன அம்மா எட்டாம் கட்டில் முப்பிடாதி. அவளை அன்று மத்தியானம் வீட்டுக்கு அனுப்பப்போகிறார்கள். சித்தாள் வேலை செய்பவள். கால் தள்ளாடுகிறது என்று வந்தவள். "உணர்ச்சி சரியாக உள்ளது" என்று கிதியோன் எழுதிய ஒரு வரியை நம்பித்தான் அனுப்புகிறார்கள்.

எப்படிக் குத்தினீர்கள் என்று பஞ்சவர்ணம் விசாரித்தாள். கண்ணை மூடச் சொல்லி, குண்டூசியால் குத்தி, ஒவ்வொரு குத்துக்கும் தெரியுதா என்று கேட்டேன் என்றான்.

"கண்ண மூடுங்க தம்பி. கைய நீட்டுங்க. பஞ்சால தொடப்போறேன்."

நீட்டினான்.

"தெரியுதா?"

"ம்."

"இப்ப?"

"தெரியுது. லேசாக."

"இப்ப?"

"தெரியுது அக்கா."

"கண்ணத் தொறங்க."

பஞ்சு தட்டிலேயே இருந்தது. அவளுடைய இரண்டு கைகளும் மடியில் இருந்தன.

கிதியோனுக்குக் காது சூடேறியது.

பீடிக் கம்பெனிக்காரர் வருடம் ஒருமுறை வந்து, ஏதாவது குறை உண்டா என்று கேட்பாராம். நாற்பது பெண்களும் இல்லை என்பார்களாம். தானும் ஐந்து வருடம் அப்படிச் சொன்னதாகப் பஞ்சவர்ணம் சொன்னாள். ஆறாம் வருடம்தான் கொடி பிடித்தாளாம்.

"ஒரு பீடிக்காரி கேட்டதுக்கே ஆமாம் போட்டுட்டீக. கழுத்துல குழாய் மாட்டுனவுக கேட்டா அவ என்ன சொல்லுவா?"

கிதியோன் எட்டாம் கட்டிலுக்குப் போனான்.

கண்ணை மூடிக்கொள்ளச் சொன்னான். ஊசி படும்போதெல்லாம் கைவிரலைத் தூக்கினால் போதும் என்றான். அதற்குப் பிறகு அவன் வாயே திறக்கவில்லை.

கால் கட்டைவிரலில் குத்தினான். கணுக்காலில் குத்தினான். முழங்கால், தொடை. பிறகு மற்றக் கால்.

விரல் அசையவில்லை.

மூடிய கண்களோடு முப்பிடாதி மரியாதையாகக் கேட்டாள்:

"இன்னும் ஆரம்பிக்கலையா, சார்?"

தொப்புளுக்கு மேலே ஊசி பட்டபோதுதான் விரல் எழுந்தது. கிதியோன் அந்த இடத்தில் பேனாவால் ஒரு கோடு போட்டான்.

பேராசிரியர் வந்தார். அவர் எதிரிலும் கிதியோன் பேசாமல் குத்திக் காட்டினான். தான் எழுதிய வரி தப்பு என்றும் சொன்னான். பேராசிரியர் வீட்டுக்கு அனுப்பும் தாளைக் கிழித்துப்போட்டார். அன்றே ஸ்கேன் எடுத்தார்கள். முதுகெலும்புக்குள் ஒரு சீழ்க்கட்டி தண்டுவடத்தை நெருக்கிக்கொண்டிருந்தது. இன்னும் சில நாள் போயிருந்தால் இரண்டு கால்களும் போயிருக்கும் என்றார்கள். மறுநாள் அறுவை சிகிச்சை நடந்தது.

மூன்றாம் வாரம். பரீட்சை முடிந்து பஞ்சவர்ணம் ஊருக்குப் புறப்பட்டாள். போகுமுன் எட்டாம் கட்டிலருகே நின்றாள்.

கிதியோன் முப்பிடாதியைக் கண்ணை மூடச் சொன்னான். கால் கட்டைவிரலில் ஊசியை வைத்தான்.

கால் வெடுக்கென்று பின்னால் போனது.

"ஏல, வலிக்குல்லா. கையில என்ன கடப்பாரையா வச்சிருக்க?"

சொன்ன பிறகுதான் யாரிடம் சொன்னோம் என்பது முப்பிடாதிக்கு உறைத்தது. நாக்கைக் கடித்துக்கொண்டாள்.

கிதியோன் ஊசியைக் கீழே வைத்தான். முதலில் அவளைப் பார்த்து, பிறகு பஞ்சவர்ணத்தைப் பார்த்துக் கைகூப்பினான்.