புகை அடங்கிய மேடு

ஊருக்கு வெளியே இருந்த குப்பைமேடு உள்ளுக்குள் எரிந்துகொண்டிருந்தது. தீயணைப்பு நிலைய அலுவலர் இளம்பரிதி அதன்மேல் ஒரு வாரம் தண்ணீர் அடித்தார். புகை நின்றது.

மேட்டடியில் குடியிருந்தவர்கள் பள்ளிக்கூடத்தில் தங்கியிருந்தார்கள். அவர்களில் செல்லக்கிளிக்கு ஆஸ்துமா. இளம்பரிதியைப் பார்க்கும்போதெல்லாம், "எப்ப சார் வீட்டுக்குப் போறது?" என்று கேட்பாள்.

"அணைஞ்சிடுச்சும்மா. போகலாம்" என்றார் இளம்பரிதி.

எல்லோரும் போனார்கள். சில நாள் கழித்து, விடியற்காலையில் புகை தெருவுக்குள் இறங்கியது. ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியிலேயே செல்லக்கிளி இறந்துபோனாள்.

கமலவேணியை வரவழைத்தார்கள். இளம்பரிதிக்குப் பயிற்சி கொடுத்தவர் அவர். வயதில் இளம்பரிதியைவிட இளையவர். பொக்லைன் மேட்டைக் கிளறியது. கிளறிய குப்பையைப் பரப்பி நனைத்தார்கள். இளம்பரிதியும் கூடவே வேலை செய்தார். மதியம் சோறு வந்தது. சாப்பிடாமல் கமலவேணியிடம் வந்து நின்றார்.

"உள்ள கம்பி விட்டுச் சூடு பார்க்காம அணைஞ்சதுன்னு சொல்லாதீங்கன்னு நீங்க சொல்லிக் கொடுத்தீங்க மேடம். ஜனங்க படுற பாட்டைப் பார்த்து அவசரப்பட்டுட்டேன்."

கமலவேணி தன் சோற்றுப் பொட்டலத்தைக் கீழே வைத்தார்.

"செல்லக்கிளி வீட்டுக்காரர் மாசிலாமணியைப் போய்ப் பார்த்தேன். அடிச்சாலும் வாங்கிக்கணும்னுதான் போனேன். நாற்காலி எடுத்துப் போட்டார். 'உங்க மேல தப்பில்ல சார், அவ விதி'ன்னுட்டார். அவரே மன்னிச்சிட்டார். எனக்குத்தான் மனசு ஆறலை. ஏன் மேடம்?"

கமலவேணி அவரை மேட்டின் தோண்டாத பக்கத்துக்குக் கூட்டிப் போனார்.

"தொட்டுப் பாருங்க."

இளம்பரிதி குனிந்து தொட்டார். "சில்லுன்னு இருக்கு."

கமலவேணி நீளமான இரும்புக் கம்பி ஒன்றை உள்ளே இறக்கினார். சற்றுப் பொறுத்து உருவி, அதன் நுனியில் ஈரத்துணியை வைத்தார். துணி சீறியது.

இளம்பரிதி அந்த நுனியையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"மாசிலாமணி அழுதாரா?" என்று கேட்டார் கமலவேணி.

"இல்லை."

"வீட்ல வேற யாரு?"

"ஒரு பொண்ணு. நான் இருந்தவரைக்கும் அது வெளிய வரவே இல்லை."

"மறுபடியும் போங்க."

"போய் என்ன மேடம் சொல்றது?"

"அணைஞ்சிடுச்சுன்னு பார்க்காமச் சொன்னது நான்தான்னு சொல்லுங்க. அப்புறம் பேசாம உட்காருங்க."

"கோபப்பட்டா?"

"படட்டும்."

"ஒண்ணுமே பேசலைன்னா?"

கமலவேணி பொக்லைன்காரருக்குக் கை காட்டினார். வண்டி அந்தப் பக்கம் திரும்பியது.

"நாளைக்கும் போங்க."