இருளப்பன் சீட்டு

"முப்பது வருஷம் அடிச்சேன், விழல. இப்ப யாரும் தொடாமலே விழுந்துடுச்சு. இது என்ன நியாயம் மரைக்காரே?"

கேட்டவர் இருளப்பன். பினாங்குத் துறைமுகத்தில் மூட்டை தூக்குகிறவர்களைச் சங்கமாகச் சேர்த்தவர்; முப்பது வருஷமாக வெள்ளைக்காரனையும் அவன் பவுனையும் எதிர்த்துப் பேசியும் எழுதியும் வந்தவர்.

கேட்டுக்கொண்டிருந்தவர் மீராசா மரைக்காயர். சூலியா தெருவில் காசு மாற்றும் கடை வைத்திருந்தார்.

இருளப்பன் அந்தக் கடைக்கு வருவது சண்டை போட. பார்த்தவர்கள் அதைப் பாடம் கேட்பது என்றார்கள்.

லண்டன் தன் நாணயமான பவுனின் மதிப்பைக் குறைத்த வாரம் அது. வெள்ளி என்று எல்லோரும் சொல்லும் மலாயா டாலரில், புது நோட்டு தப்பியது; பவுனோடு கட்டிப்போட்டிருந்த பழைய நோட்டு கூடவே இறங்கியது. நூறு காசாக இருந்த ஒரு வெள்ளி, எண்பத்தைந்து காசு ஆனது.

"விழணும்னுதானே கேட்டே?"

"நான் தள்ளி விழணும்னு கேட்டேன்."

மரைக்காயர் சிரிக்கவில்லை.

"அது எதுமேல நின்னுச்சு? அதையாவது சொல்லுங்க. பட்டாளத்து மேலன்னு எழுதினேன். கப்பல் மேலன்னு எழுதினேன். தங்கத்து மேலன்னு அறுபது பக்கம் எழுதினேன்."

"அதை வாங்கினேன். இருபதாம் பக்கத்துல தூங்கிட்டேன்."

"கேலி வேணாம்."

மரைக்காயர் தெருவைப் பார்த்தார்.

"நான் கடை திறந்த வருஷம் கெய்ரோக்காரன் வந்தான். பாக்தாத்காரன் வந்தான். ரங்கூன், கொழும்பு, ஏடன், மொம்பாசா, சிட்னி. அத்தனை ஊர்க் காசும் ஒரே பவுனைப் பிடிச்சுக்கிட்டு நின்னுச்சு. சேமிப்பைக்கூட லண்டன்லயே வச்சிருந்தாங்க. எல்லாருமா ஒரே நாள்ல போய்த் திருப்பிக் கேட்டதில்ல. அப்புறம் பவுனை விட்டு எகிப்து போச்சு. இராக் போச்சு. போன வருஷம் பர்மா. நான் இதே நாற்காலியில இருந்து பார்த்தேன். கடல் உள்வாங்குற மாதிரி இருந்தது."

"எதுமேல நின்னுச்சுன்னு கேட்டேன்."

மரைக்காயர் கல்லாவைத் திறந்து சில்லறையை அடுக்கினார்.

அப்போது சடைச்சி கடைக்குள் வந்தாள். துறைமுகக் கொட்டகை கூட்டுகிறவள். மகள் கல்யாணத்துக்குச் சேர்த்த நாற்பது வெள்ளியை முந்தானையில் முடிந்திருந்தாள். எல்லாம் பழைய நோட்டு.

"பேங்குல முப்பத்துநாலுதான் தருவாங்களாம். மிச்சம் ஆறு எங்கண்ணே போச்சு?"

"லண்டனுக்கு" என்றார் இருளப்பன்.

"நான் லண்டனைப் பார்த்ததே இல்லையே. அதுக்கு என்னை எப்படித் தெரியும்?"

இருளப்பன் மேஜையை அறைந்தார்.

"கொடு இங்கே. என்கிட்ட நாற்பதுன்னா நாற்பது!"

மரைக்காயர் ஒரு காகிதத்தையும் பேனாவையும் அவர் பக்கம் நகர்த்தினார்.

"எழுதிக் கொடேன்."

இருளப்பன் எழுதினார். 'இதைக் கொண்டுவருபவருக்கு நாற்பது வெள்ளி தருவேன். இருளப்பன்.'

சடைச்சி நோட்டுகளைக் கொடுத்தாள். சீட்டை முடிந்துகொண்டாள்.

"இதுவே நல்லது. காசா இருந்தா என் வீட்டுக்காரன் குடிச்சுடுவான்."

சாயங்காலத்துக்குள் பதினெட்டுப் பேர் வந்தார்கள். மறுநாள் எழுபது பேர். இருளப்பன் பழைய நோட்டை வாங்கிப் பெட்டியில் போட்டார். முழு மதிப்புக்குச் சீட்டு எழுதினார். சங்கத்துக்கு இரண்டு காசு சந்தா கேட்டபோது முகத்தைத் திருப்பிக்கொண்டவர்களும் அதில் இருந்தார்கள். அவர்களுக்கும் எழுதினார். கொஞ்சம் அழுத்தி எழுதினார்.

பிறகு அது நடந்தது.

தேத்தண்ணிக் கடைக்காரர் சீட்டை வாங்கிக்கொண்டு பாக்கி கொடுத்தார். நாவிதர் வாங்கினார். தமிழ் எழுத்தே தெரியாத சீன மளிகைக்காரர் சீட்டைத் தலைகீழாகப் பிடித்துப் பார்த்து, "இருளப்பன்?" என்று மட்டும் கேட்டு அரிசி போட்டார். லாரிக்காரர் ஒருவர் கெடா மாநிலத்து ரப்பர் தோட்டக் கடையில் கொடுத்துச் சாமான் வாங்கினார். தெற்கே வெகுதூரத்தில் இருக்கும் கிள்ளானிலிருந்து ஒரு சீட்டு திரும்பி வந்தது. எத்தனை கை மாறியதோ, துணிபோல மெத்தென்று ஆகியிருந்தது.

ஒருநாள் படகில் போகும்போது இருளப்பன் ஒன்றைப் பார்த்தார். முன்பின் தெரியாத ஒருவன் முன்பின் தெரியாத இன்னொருவனுக்கு ஒரு சீட்டைக் கொடுத்தான். வாங்கியவன் அதைப் படிக்கக்கூட இல்லை. சட்டைப் பையில் வைத்துக்கொண்டு கடலைப் பார்த்தான்.

இருளப்பனுக்கு உடம்பு சிலிர்த்தது.

நேராகக் கடைக்கு வந்தார்.

"மரைக்காரே, என் பேரு கடல் தாண்டிப் போகுது. நான் போகச் சொல்லல."

"ம்."

"ராஜா தலை போட்ட நோட்டு மாதிரி போகுது."

"பார்த்தேன். எனக்கும் புல்லரிச்சுது."

"மூவாயிரத்துக்கு எழுதியிருக்கேன். பெட்டியில இருக்கிறது மூவாயிரம் பழைய நோட்டு. பேங்குல கொடுத்தா ரெண்டாயிரத்து ஐந்நூத்தம்பதுதான் வரும். அதுக்கு அடியில ஒண்ணுமே இல்ல மரைக்காரே!"

"யாராவது வந்து கேட்டாங்களா?"

"ஒருத்தர்கூடக் கேட்கல. அதுதான் பயமா இருக்கு."

"லண்டன்லயும் ஒருத்தன் இப்படித்தான் சாப்பாடு இறங்காம உட்கார்ந்திருப்பான்."

"அந்தப் பயல்களோட என்னைச் சேர்க்காதீங்க! அவனுங்க மறைச்சானுங்க. நான் மறைக்க மாட்டேன். நாளைக்கே பெட்டியைத் திறந்து காட்டுறேன்."

மரைக்காயர் அவரை ஏற இறங்கப் பார்த்தார்.

"யாரும் கேட்காதபோதா?"

"கேட்காதபோதுதான் காட்டணும். அதுதான் நேர்மை."

மறுநாள் காலை கடை வாசலில் இருளப்பன் பெட்டியைத் திறந்து வைத்தார். ஆட்கள் கூடினார்கள். முன்வரிசையில் சடைச்சி நின்றாள்.

எத்தனையோ மேடையில் நெஞ்சை நிமிர்த்திப் பேசியவர். அன்று பெட்டியைப் பார்த்துப் பேசினார்.

"தோழர்களே, பயப்பட வேண்டியதில்லை. ஆனா ஒரு உண்மையைச் சொல்லணும். இந்தப் பெட்டியில இருக்கிறது, நான் எழுதிக் கொடுத்ததைவிடக் கொஞ்சம் குறைச்சல்."

சடைச்சி பெட்டியைப் பார்க்கவே இல்லை.

"அது எங்களுக்குத் தெரியாதாண்ணே? நாங்க போட்ட நோட்டுதானே உள்ளே கிடக்கு."

இருளப்பன் திகைத்தார்.

"தெரிஞ்சுமா வாங்கினீங்க?"

"நீங்க மேஜையை அடிச்சு நாற்பதுன்னு சொன்னீங்க. வாங்கினோம்."

அவள் இன்னும் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். மேல் உதட்டில் பூத்திருந்த வியர்வையைப் பார்த்தாள்.

"கல்யாணம் தையிலதான். அதுவரைக்கும் சீட்டு என்கிட்டயே இருக்கட்டும்னு இருந்தேன்" என்றாள்.

"இருக்கட்டும், இருக்கட்டும்" என்றார் இருளப்பன். சற்று வேகமாகச் சொல்லிவிட்டார்.

சடைச்சி முந்தானை முடிச்சை அவிழ்த்தாள்.

"வேணாம்ணே. இப்பவே கொடுத்துடுங்க. நாற்பதாவே கொடுத்துடுங்க."

அவளுக்குப் பின்னால் நின்றவர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். ஒருவன் சட்டைப் பையைத் தடவினான். இன்னொருவன் வீட்டுக்கு ஓடினான். தேத்தண்ணிக் கடைக்காரர் அடுப்பை அப்படியே விட்டுவிட்டு, ஒரு பிடி சீட்டோடு வந்து நின்றார். சீன மளிகைக்காரர் வந்தார். படகிலிருந்து ஆட்கள் இறங்கி வந்தார்கள். தோட்டத்து லாரி ஒன்று வந்தது.

இருளப்பன் சடைச்சிக்கு நாற்பதுக்கு ஈடாகப் பழைய நோட்டில் நாற்பத்தேழு எண்ணினார். அடுத்தவருக்குப் பதினைந்துக்குப் பதினெட்டு எண்ணினார். பிறகு நிமிர்ந்து பார்த்தார்.

வரிசை சூலியா தெருவைத் தாண்டி வளைந்து மணிக்கூண்டுவரை போயிருந்தது. அதற்கு அப்பாலும் தலைகள்.

மரைக்காயர் எழுந்து வந்து அவர் பக்கத்தில் நின்றார்.

இருளப்பனின் கை பெட்டிக்குள்ளேயே இருந்தது. கண் விரிந்திருந்தது.

"முப்பது வருஷமாத் தமுக்கடிச்சுக் கூப்பிட்டேன் மரைக்காரே" என்றார். "ஒரு தடவைகூட எனக்கு இவ்வளவு பேர் வந்ததில்ல."